கிழியாத கோப்பு அட்டை

நான் கரூர்க்காரன். அச்சுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவன். மனைவிக்கு மத்திய அரசில் வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தபோது நானும் கூட வந்தேன். கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அலுவலகங்களுக்கு அட்டை, உறை, பதிவேடு செய்துதரும் ஓக்லா கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளியையும் சேர்த்து முப்பது பேர். அட்டையை எப்படி வெட்டுவது, எங்கே மடிப்பது, எந்தப் பசை போடுவது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஃபைல் செய்கிறேன் என்பேன். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதே, இன்னுமா ஃபைல் என்று சிரிப்பார்கள்.

புதிய காகிதம் குறைந்தது உண்மைதான். பழைய காகிதம் எங்கும் போய்விடவில்லை. வழக்கு முடியாத காகிதம், பென்ஷன் தீராத காகிதம், அழிக்கச் சொல்லி யார் கையெழுத்துப் போடுவது என்று தெரியாததால் அப்படியே கிடக்கும் காகிதம். எங்கள் கம்பெனி அந்தப் பழைய காகிதத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் லோதி ரோட்டில் உள்ள ஓர் அலுவலகத்திலிருந்து நாங்கள் அனுப்பிய ஃபைல் அட்டைகளில் பாதி திரும்பி வந்தது. ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டன, காகிதம் தொலைகிறது, உருப்படியாகச் செய்ய முடியுமா முடியாதா என்று எழுதியிருந்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். அறுபது வயது பஞ்சாபி. கோபத்தைக் குரலில் காட்டாதவர். “நீயே நேரில் போய்ப் பார். எங்கே கிழிகிறது என்று பார்த்துவிட்டு வந்து கிழியாததாக ஒன்று செய்” என்று ஹிந்தியில் சொன்னார்.

ஆவண அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஓட்டை போட்ட இரும்புச் சட்டங்களை போல்ட் முடுக்கி நிறுத்திய ரேக்குகள், கூரை வரை. நடுவில் ஒரு ஆள் போகிற அளவு சந்து. மழைத் தண்ணீர் எப்போதோ வந்து போன கோடு சுவரில் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. நான் வாசலில் நின்று மனைவியோடு போனில் பேசி முடித்ததும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“தமிழா?”

காட்டன் புடவைக்கு மேல் அரை ஸ்வெட்டர் போட்ட, உயரம் குறைந்த ஒருவர் சந்திலிருந்து வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கம். கணவர் இதே அலுவலகத்தில் பியூனாக இருந்து இறந்துபோனார். அந்த வேலை இவருக்கு வந்தது. மோதி பாக்கில் சின்ன குவார்ட்டர்ஸ், காலேஜில் படிக்கும் ஒரே மகள். இவ்வளவையும் முதல் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். அங்கே அவரோடு நாள் முழுக்கத் தமிழில் பேச யாரும் இல்லை என்பது எனக்குப் புரிந்தது. நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னைத் தம்பி என்றார்.

எங்கே கிழிகிறது என்று கேட்டேன். அவர் ஒரு ஃபைலை எடுத்து அதன் மடிப்பைத் தொட்டுக் காட்டினார்.

“முதுகுலதான் மொதல்ல போவும். அப்புறம் இந்தக் கயிறு கோக்கற ஓட்டை. ஓட்டை கிழிஞ்சா காயிதம் அத்தனையும் நழுவிடும். மேல இருந்து போன் வரும், அந்த ஃபைலு கொண்டா, ஜல்தி கொண்டான்னு. எடுத்துக்கிட்டு மாடிப்படி ஏறுவேன். பாதிப் படியில முதுகு வுட்டுக்கும்.”

அப்படி ஒரு முறை படியில் சிதறியதைச் சொன்னார். இருநூறு தாளுக்கு மேல். குனிந்து பொறுக்கி, எண் பார்த்து அடுக்கியபோது இரண்டு தாள் குறைந்தது. அந்த இரண்டும் கோர்ட்டுக்கு வேண்டியவை. அவருக்கு மெமோ கொடுத்தார்கள். ஒரு மாதம் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் ரேக்குக்கு அடியில் படுத்துத் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. அந்த வழக்குக்காரர் ஒரு வயதானவர், வாராவாரம் கீழே இறங்கி வந்து, தாள் கிடைத்ததா அம்மா என்று கேட்பாராம்.

“ஒருநாளும் திட்டல தம்பி. கேட்டுட்டு அப்படியே கொஞ்ச நேரம் நிப்பாரு. அப்புறம் வர்றது நின்னு போச்சு. ஏன்னு நான் யாரையும் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவாங்களோன்னு பயம்.”

நான் அன்றுவரை அட்டையை மட்டுமே பார்த்து வந்தவன். அந்த முதியவரின் கதை என்னோடு ஓக்லா வரை வந்தது. இனி இந்த அம்மாள் படியில் காகிதம் பொறுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். இதை நான் இங்கே என் பெருமைக்காகச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு தொடங்கியது என்று பதிந்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றரை மாதம் ஆனது. ஒற்றை அட்டைக்குப் பதிலாக இரட்டை அட்டை ஒட்டினேன். முதுகில் பைண்டிங் துணியை உள்ளும் புறமும் சுற்றினேன். கயிறு கோக்கும் ஓட்டைக்குப் பித்தளை வளையம் அடித்தேன். நான்கு மூலைகளுக்கும் தகரம். ஈரச் சாக்கில் ஒரு வாரம் சுற்றி வைத்தேன். உள்ளே செங்கல் வைத்துத் தொங்கவிட்டேன். இடுப்பு உயரத்திலிருந்து திரும்பத் திரும்பத் தரையில் போட்டேன். கம்பெனியில் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது மாதிரி எதற்கும் அசையவில்லை.

அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். நான் செய்யாத சோதனையை அவர் செய்தார். ஐந்து ஃபைல்களை இடது இடுப்பில் அணைத்துக்கொண்டு நடந்தார். பிறகு நெருக்கி அடுக்கிய வரிசையில் ஒன்றைச் செருகி, முதுகின் மேல் விளிம்பை ஒரு விரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை.

“நாங்க இப்படித்தான் எடுப்போம். விரல் போக எடம் இல்லியே.”

அடுத்த வாரம் முதுகில் ஒரு விரல் நுழையும் ஓட்டை வைத்து, அதற்கும் வளையம் அடித்துக் கொண்டுபோனேன். விரலை விட்டு இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“நல்லாருக்குது தம்பி. ஆனா கனமா இருக்கே.”

“கனம் இருந்தாத்தான் அக்கா தாங்கும்.”

“அது சரி. ஒண்ணு ரெண்டு தூக்கலாம். இவ்ளோத்தையும்…” என்று தலையை நிமிர்த்தி ரேக்கைப் பார்த்தார். அதற்குள் கொள்முதல் பிரிவு அதிகாரி கீழே இறங்கி வந்துவிட்டார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த, மரியாதையான மனிதர். மாதிரியைக் கையில் வாங்கிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், மேஜையில் ஓங்கி அடித்துப் பார்த்தார். நான் அவரோடு மேலே போய்விட்டேன். அக்கா பாதியில் விட்ட பேச்சை நான் திரும்பிப் போய்க் கேட்கவில்லை.

அந்த அட்டைக்கு ஒரு பக்க விவரக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அட்டையின் தடிமன், துணியின் தரம், வளையத்தின் அளவு. கடைசிக்கு முந்திய வரியில், இரண்டு அங்குலம் வரை காகிதம் வைக்கலாம் என்று எழுதினேன். எல்லா விவரக் குறிப்பிலும் அப்படி ஒரு வரி இருக்கும். பழக்கத்தில் எழுதியது. அட்டையின் மேல் அதை அச்சிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, யாருக்கும் தோன்றவில்லை.

ஆர்டர் வந்தது. பழைய ஃபைல்களையெல்லாம் புதிய அட்டைக்கு மாற்றினார்கள். வேறு இரண்டு அலுவலகங்களும் கேட்டன. முதலாளி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்து, என் தோளைத் தட்டினார்.

எட்டு ஒன்பது மாதம் கழித்து, விலைப்பட்டியல் புத்தகத்தில் போட ஒரு படம் வேண்டும், லோதி ரோட்டுக்குப் போய் எடுத்து வா என்று அவர் அனுப்பினார். போனேன். அக்கா டீ வரவழைத்தார். இந்த வருடம் ஒரு மெமோ கூட வாங்கவில்லை என்றார். ரேக்குகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான். ஒரே நிறம், ஒரே உயரம், கறுப்பு முதுகுகள் வரிசை வரிசையாக. கிட்டே போனபோதுதான் ஒவ்வொரு ஃபைலும் கையகலம் பருத்திருப்பதைக் கண்டேன்.

“ஏன்க்கா இவ்வளவு மொத்தமா இருக்கு?”

“முன்னாடி ரெண்டு விரக்கடை வந்தாலே கிழிய ஆரம்பிச்சிடும். உடனே ரெண்டாவது வால்யூம் போடுவாங்க. இப்பத்தான் கிழியலியே. எல்லாத்தையும் ஒண்ணுலயே சொருகிடுன்னு மேல சொல்லிட்டாங்க. எடமும் மிச்சமாம்.” பிறகு கையைத் தூக்கிக் காட்டினார். “அந்தத் தட்டு நடுவுல தொங்குது பாருங்க. எழுதிக் குடுத்திருக்கேன். பொண்ணு ஹிந்தியில எழுதித் தந்துச்சு. ரெண்டு வாட்டி குடுத்தாச்சு.”

மேலிருந்து இரண்டாவது தட்டு நடுவில் நன்றாகவே இறங்கியிருந்தது. சட்டம் சுவரோடு எங்கும் பிணைக்கப்படவில்லை. நான் தொழில் படித்தவன். பார்த்ததும் ஆபத்து என்று தெரிந்தது.

“நான் சொல்றேன்க்கா” என்றேன்.

படம் எடுத்தேன். முதலில் எடுத்ததில் தொங்கும் தட்டு நன்றாகத் தெரிந்தது. விலைப்பட்டியலுக்கு அது ஆகாது என்று வேறு கோணத்தில் நின்று, தட்டு தெரியாமல் இன்னொன்று எடுத்தேன். மேலே போய்க் கொள்முதல் அதிகாரியிடம் ரேக் கொஞ்சம் வளைந்திருக்கிறதே என்றேன். “ரேக் வேறு பிரிவு, அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்” என்றார். இரண்டு அங்குலம் என்ற வரியை நான் சொல்லவில்லை. அவருடைய அலுவலகத்திலேயே குறை கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கும், அடுத்த ஆர்டர் வரவேண்டிய நேரம் என்று நினைத்தேன். லிஃப்டுக்குக் காத்திருந்த அந்த அரை நிமிடத்தில் நினைத்தது இது. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஜனவரியில் ஒரு காலை, பதினொன்றரை மணிக்கு அந்த அதிகாரி போன் செய்தார். “உங்கள் தமிழ் அம்மாவுக்கு அடிபட்டுவிட்டது. வர முடியுமா? மகளிடம் பேச ஒருவர் இருந்தால் நல்லது” என்றார்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அடித்தளத்தில் ஒரு ரேக் முழுதாக முன்பக்கம் சாய்ந்து எதிர் ரேக்கின்மேல் கிடந்தது. கீழே ஃபைல்கள் குவியலாக. ஒரு செருப்பு மட்டும் தனியாக இருந்தது. போல்ட்டுகள் துண்டு துண்டாகத் தரையில். வேறொரு ஊழியர் குவியலைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னை அவருக்குத் தெரியும். நிமிர்ந்து ஹிந்தியில் சொன்னார்: “பாருங்கள் அண்ணா, உங்கள் ஃபைல் ஒன்றுகூடப் பிரியவில்லை.”

அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மகள் வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தாள். டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. “அங்கிள், மம்மி பேசறாங்க. பட் கால் இருக்கிற மாதிரியே தெரியலன்னு சொல்றாங்க. டாக்டர் ஹிந்தில ரீட்னு சொன்னாரு. ரீட் மீன்ஸ் ஸ்பைன்தானே?” என்று கேட்டாள். ஆமாம், முதுகெலும்பு என்றேன். முதுகெலும்பு என்ற சொல்லை அவள் கேட்டதில்லை போல. திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்துத்தான் அக்காவைப் பார்க்க விட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஏதோ சட்டம் போட்டிருந்தார்கள். கூரையைப் பார்த்தபடியே பேசினார். மேல் தட்டு ஃபைல் கேட்டு அவசரமாகப் போன் வந்ததாம். ஸ்டூல் கிடையாது, கேட்டும் தரவில்லை. வழக்கம்போல அடித்தட்டில் ஒரு காலை வைத்து ஏறியிருக்கிறார்.

“வளையத்துல விரல வுட்டு இழுத்தேன். டைட்டா இருந்துச்சு. நல்லா புடிச்சு இழுத்தேன். ஃபைலு வரல தம்பி. ரேக்கு வந்துச்சு.”

முன்பென்றால் அப்படி இழுத்ததும் முதுகு கிழிந்து அவர் கையோடு வந்திருக்கும். காகிதம் கொட்டியிருக்கும். மெமோ வாங்கியிருப்பார். இதை நான் அந்தக் கட்டில் அருகில் நின்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். எங்கள் கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டே கேள்விகள். கொடுத்த அட்டைகள் ஒப்புக்கொண்ட விவரக் குறிப்பின்படி இருந்தனவா? ஓர் அட்டையில் எவ்வளவு காகிதம் வைக்கலாம்?

முதலாளி கடிதத்தை என்னிடம் கொடுத்தார். “கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. கேட்காததை எழுதாதே” என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பதிலை எழுதினேன். அட்டைகள் குறிப்பின்படியே இருந்தன. இரண்டு அங்குலம் வரை வைக்கலாம். இது விவரக் குறிப்பின் எத்தனையாவது வரி என்றும் குறிப்பிட்டிருந்தேன். மனைவியிடம் இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்தேன். இந்த மாதிரிக் காகிதங்கள் அவளுடைய அன்றாட வேலை. இரண்டு முறை படித்தாள்.

“இதுல பொய் ஒண்ணும் இல்ல. ஆனா இதை வச்சு அந்தம்மா மேலதான் எழுதுவாங்க.”

“எப்படி?”

“ரெண்டு அங்குலம்தான் வைக்கணும்னு இருக்கு, இவங்க நாலு வச்சிட்டாங்கன்னு. ரூம் அவங்க பொறுப்புதானே?”

“அவங்களா வச்சாங்க? மேல சொல்லி வச்சாங்க.”

“அதை எழுதுங்க. தட்டு தொங்குனதைப் பாத்தீங்கல்ல, அதையும் எழுதுங்க. போட்டோ இருக்கே.”

“எழுதினா வேலை போயிடும்.”

நாங்கள் அப்போது என் அப்பாவின் சிகிச்சைக்காக ஊருக்கும் டெல்லிக்கும் அலைந்துகொண்டிருந்தோம். அவளுக்கும் அது தெரியும். “சரி, யோசிச்சுக்குங்க” என்று தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் யோசிக்கவில்லை. மறுநாள் காலை கம்பெனித் தலைப்புள்ள தாளில் அச்செடுத்து, கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

அவள் சொன்னபடியே நடந்தது. அளவுக்கு மீறிக் காகிதம் செருகியதும், ரேக்கின்மேல் கால் வைத்து ஏறியதும் ஊழியரின் கவனக்குறைவு என்று விசாரணை முடிந்தது. ரேக்கைப் பற்றி அக்கா எழுதிக் கொடுத்த இரண்டு கடிதங்களும் எந்த ஃபைலிலும் இல்லை.

ஏப்ரலில் மோதி பாக் போனேன். அதற்குள் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரே அறை, ஜன்னலை ஒட்டிக் கட்டில். மகள் காலேஜை விட்டு நொய்டாவில் ஒரு கால் சென்டருக்குப் போய்வருகிறாள், பகலில் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறார் என்றார். பழம் வாங்கிப் போயிருந்தேன். அதை வாங்கி வைத்துக்கொண்டு, தலையணைக்கு அடியிலிருந்து விசாரணை அறிக்கையின் நகலை எடுத்தார்.

“பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு. இருந்தாலும் நீங்க ஒரு தபா சொல்லுங்க தம்பி. எனக்கு ஒண்ணு வெளங்கல.”

படித்துத் தமிழில் சொன்னேன். முடித்ததும் கேட்டார்:

“ரெண்டு இஞ்சுக்கு மேல வைக்கக் கூடாதுன்னு ரூலுன்னு போட்டிருக்கு. அது யாரு போட்ட ரூலு?”

“நான்தான்க்கா. அட்டை செஞ்சப்ப எழுதிக் குடுத்தது.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு கணக்கு சரியாக வராதபோது பார்ப்பது போன்ற பார்வை.

“எங்கிட்ட சொல்லவே இல்லியே நீங்க.”

“இல்லக்கா.”

“அன்னிக்கு வந்து போட்டோ எடுத்தீங்களே. மொத்தமா இருக்குன்னு நீங்களேதான கேட்டீங்க. அப்பவும் சொல்லலியே.”

“சொல்லல.”

பக்கத்து வீட்டு அம்மாள் டீ கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் குடித்தோம். அக்கா அதன் பிறகு மகளின் வேலையைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை.

மறுநாள் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். நான் பார்த்ததை, கேட்டதை, யாரிடம் சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்பதை. முதலில் எடுத்து வேண்டாமென்று ஒதுக்கிய போட்டோவை இணைத்தேன். இரண்டு அங்குலம் என்பது பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிவிக்கப்படவே இல்லை, அது என் தவறு என்றும் எழுதினேன். மனைவி உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்தித் தந்தாள். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கினேன். பிறகு ஓக்லா போய் முதலாளியிடம் நகலை வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார்.

“மூன்று மாதம் முன்னால் எழுதியிருந்தால் உன்னைத் திட்டியிருப்பேன். இப்போது எழுதி யாருக்கு என்ன லாபம்?” என்றார். கதவு வரை கூட வந்து அனுப்பிவைத்தார். அந்த மாதத்தோடு என் வேலை முடிந்தது.

விசாரணை முடிந்துவிட்டது, கடிதம் பதிவில் வைக்கப்பட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. மனைவி விடவில்லை. அக்காவின் பெயரில் மேல்முறையீடு எழுதினாள். அது ஒவ்வொரு மேஜையாக நகர ஒன்றரை வருடம் பிடித்தது. கடைசியில் கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிட்டு, பணியின்போது நேர்ந்த விபத்து என்று மாற்றினார்கள். தரைத்தளத்தில் தபால் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலையும் கொடுத்தார்கள். உத்தரவு வந்த அன்று மகள் எனக்குப் போன் செய்து அழுதாள். நானும் மனைவியும் அன்று இரவு கொஞ்சம் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

அக்கா நான்கு மாதம் வேலைக்குப் போனார். அலுவலக வாசலில் மூன்று படி இருந்தது. தினமும் இரண்டு பேர் சக்கர நாற்காலியோடு தூக்கி வைப்பார்கள். கழிப்பறைக்குள் நாற்காலி நுழையாது. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார். உட்கார்ந்தே இருந்ததில் பின்பக்கம் புண் வந்தது. உணர்ச்சி இல்லாததால் தெரியவில்லை. தெரிந்தபோது எலும்பு வரை போயிருந்தது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி கட்டில். அதன் பிறகு அவர் வேலைக்குத் திரும்பவில்லை.

எனக்குக் குருகிராமில் சாமான் பெட்டிகள் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஓய்ந்த நேரத்தில் ஒரு ஃபைல் அட்டை செய்தேன். மெல்லியது. முதுகு இரண்டு அங்குலத்துக்கு மேல் விரியாது, அதற்கு மேல் செருகினால் மூடாது. லோதி ரோட்டு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அந்த மரியாதையான அதிகாரி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதிதாக வந்தவர் அதைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார். “இது மெலிதாக இருக்கிறதே. எங்களிடம் இருப்பது நன்றாக இருக்கிறது, கிழிவதே இல்லை” என்றார். அந்த அறையில் நடந்தது அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். கேட்டு வருத்தப்பட்டார். ரேக்குகளையெல்லாம் இப்போது சுவரோடு சேர்த்து போல்ட் போட்டாயிற்று, கவலைப்படாதீர்கள் என்றார்.

மாதம் ஒரு முறை மோதி பாக் போய்க்கொண்டிருந்தேன். மருந்துக்கடைச் சீட்டு, ஆஸ்பத்திரி வரிசை, விண்ணப்பம் என்று ஏதாவது வேலை இருக்கும். வேலை இல்லாதபோது சும்மா உட்கார்ந்திருப்பேன். அக்கா மெலிந்துகொண்டே வந்தார். பேச்சும் குறைந்தது. போன தீபாவளிக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மகள் சமையலறையில் இருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அக்கா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“தம்பி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்கக்கா.”

“இனிமே வராதீங்க.”

நான் டிவியின் பக்கம் பார்த்தேன்.

“உங்க மேல கோவம் இல்ல. நீங்களும் உங்க வூட்டுக்காரம்மாவும் எங்களுக்கு அலைஞ்சது எனக்குத் தெரியும். மறக்க மாட்டேன். ஆனா நீங்க வந்து ஒக்காந்தா எனக்கு அந்த ரூமு ஞாபகம் வந்துடுது. நீங்க போன பின்னாடி ரெண்டு மூணு நாளு தூக்கம் புடிக்க மாட்டுது. நீங்களும் எதோ கடன் கழிக்கற மாதிரி வர்றீங்க. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மகள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். வெளியே வரவில்லை.

“ஏதாவது தேவைன்னா…” என்றேன்.

“பொண்ணு போன் பண்ணும்.”

எழுந்தேன். நாற்காலியை இருந்த இடத்தில் வைத்தேன். வர்றேங்க்கா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். அவரும் ஆட்டினார். கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் செருப்பு மாட்டும்போது உள்ளே டிவியின் சத்தம் மறுபடி கூடியது. தெருவுக்கு வந்து, பஸ்ஸுக்கு நிற்காமல் கிட்வாய் நகர் வரை நடந்தே வந்தேன்.

மகள் இதுவரை போன் செய்யவில்லை.